நின்ற நேரம்

சாவு வீட்டில் பூபதிக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதில்லை. அவன் வண்டியை நிறுத்தும்போதே வாசலில் பேச்சு குறையும். யாராவது ஒருவர் எழுந்து உள்ளே போய், "ஊசிக்காரர் வந்துட்டாருங்க" என்று சொல்வார். அவனுடைய அடையாள அட்டையில் 'விடுவிப்பு அலுவலர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் பெயரால் அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

அன்று காலை அவன் போனது சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு ஊருக்கு. லாரி பெரியண்ணன் வீடு என்றதும் வழி சொன்னார்கள். பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குக் கீழே பாதி நாற்காலிகள் காலி. முதல் நாள் ஓடிவந்த உறவினர்கள் கோழிக்குத் தீனி வைக்கவேண்டும் என்று போய்விட்டுத் திரும்பி வந்திருந்தார்கள், சிலர் இரண்டாவது முறையாக. கொட்டுக்காரர்கள், நெஞ்சு நின்றதும் போன் பண்ணுங்கள், என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பாடைக்கு வெட்டிய பச்சை மூங்கில் சுவரில் சாய்ந்தபடி மஞ்சளாகியிருந்தது.

வாசற்படியில் ஒரு பெரியவர் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கால் படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. இறந்தவரின் மைத்துனர், பெயர் பொங்கியண்ணன்.

"ஏனுங்க ஊசிக்காரரே, ஒரு சந்தேகம். எங்க மச்சான் செத்துட்டாருங்களா, இல்லீங்களா?"

"மூளை நின்னுடுச்சுங்க. மூச்சும் நின்னுடுச்சு."

"அதையேதான் ஆஸ்பத்திரிலயும் சொன்னாங்க. சொன்னதும் கோடி எடுத்துட்டு வந்துட்டேன். இதா, பையில இருக்குது. கோடியோட வந்தவன் போடாமத் திரும்பிப் போனா என்ற தங்கச்சிக்கு ஆகாதுங்கறாங்க. நெஞ்சு ஓடிட்டு இருக்கறவரு வீட்டுக்குள்ள கோடியோட போனாலும் ஆகாதுங்கறாங்க. அதனாலதான் இப்படிப் பாதி உள்ள, பாதி வெளிய."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்கள். பொங்கியண்ணனும் சிரிக்கவில்லை. மூன்று நாளாக அதையே எல்லோரிடமும் சொல்லி அலுத்திருந்தார்.

கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். அதைப் போட்ட பிறகுதான் தாலி இறங்கும். தாலி இறங்கின பிறகுதான் பாடை எழும். இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிய ஒரு பொழுது போதும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாறைத்துத்தி மருந்து வரும்வரை அது சரியாகவும் இருந்தது.

"அந்தத் தழை மருந்து என்னதாங்க பண்ணுது?" என்று பொங்கியண்ணன் கேட்டார். "மலையில நாங்க ஆடு மேய்ச்ச காலத்துல ஆடுகூட அதைத் திங்காது."

பூபதி இதைப் பல வீடுகளில் சொல்லியிருந்தான். வார்த்தைகள் தானாக வந்தன. "ரத்தத்துல கிருமி ஏறுனா உடம்பு அதோட சண்டை போடுமுங்க. அந்தச் சண்டையில நெஞ்சுதான் முதல்ல அடி வாங்கும். நம்ம பக்கத்துக் கிருமி எந்த மருந்துக்கும் அடங்கறதில்ல. நெஞ்சு மட்டும் தாங்கி நின்னா, மத்ததைச் சரிபண்ண நேரம் கிடைக்கும். பாறைத்துத்தி நெஞ்சைத் தாங்குது."

"தாங்குறது சரி. விடமாட்டேங்குதே."

"ஆமாங்க."

அவ்வளவுதான் விஷயம். அந்தத் தழையிலிருந்து எடுத்த மருந்து இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் போய்ப் பூட்டுப் போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. பிழைத்தவர்கள் நிறையப் பேர். நாமக்கல்லைச் சுற்றி, கோழிப்பண்ணைகளில் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகிய வருடங்களில், சாக வேண்டியவர்களில் பாதிப் பேர் எழுந்து நடந்தார்கள். மீதிப் பாதிக்குச் சிறுநீரகம் போயிற்று, ஈரல் போயிற்று, மூளை போயிற்று, மூச்சு போயிற்று. நெஞ்சு மட்டும் ஓடியது. பிராணவாயு இல்லாமலும், சூடு இல்லாமலும், நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பாக, நாள் கணக்கில். சட்டம் பழைய சட்டம். நெஞ்சு நிற்காமல் இறப்புப் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் சுடுகாடு கிடையாது. காத்திருந்தால் உடம்பு கெட ஆரம்பிக்கும், உள்ளே துடித்துக்கொண்டிருக்கும்போதே.

பிறகு அதே செடியின் வேரில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். தழை பூட்டியதை வேர் திறந்தது. அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது. டாக்டர் ஒருவர் மூளை நின்றதை உறுதி செய்யவேண்டும், வீட்டில் நெருங்கியவர் ஒருவர், கணவனோ மனைவியோ இருந்தால் அவரே, சம்மதிக்கவேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் போய் ஊசி போடவேண்டும். பூபதி அந்த ஒருவர்களில் ஒருவன்.

அதற்கு முன்னால் அவன் அதே கம்பெனியின் ஆலையில் தழையைச் சாறாக்கும் பிரிவில் இருந்தான். உயிர்வேதியியல் படித்தவனுக்கு அது நல்ல வேலை. மாற்றல் கேட்டபோது, இந்த வேலைக்கா, என்று மேலாளர் ஆச்சரியப்பட்டார். ஏன் மாப்ள, என்று மாமனார் போனில் கேட்டார்.  அவன் மனைவி சுகந்தி இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்புக்குக் கோழியைக் கழுவும்போது எலும்பு விரலில் குத்தியது. சுகந்தி விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லைங்க, என்றாள். வியாழக்கிழமை அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் ஆலையில் பிழிந்த தழையைத்தான் அவளுக்கு ஏற்றினார்கள். நெஞ்சு தாங்கியது. மற்றது எதுவும் தாங்கவில்லை.

அப்போது வேர் மருந்து வந்திருக்கவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்திருந்தது. கிருமி ஏறிய உடம்பிலிருந்தும் அந்த நெஞ்சு கெடாமல் வெளியே வரும், இன்னொருவருக்குப் பொருத்தலாம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். அவன் சரி என்றான். யாருக்கு என்று சொல்லமாட்டோம், நீங்களும் கேட்கக்கூடாது, என்றாள். அதற்கும் சரி என்றான்.

நெஞ்சை எடுத்துப்போன பெட்டியின் மூடி கண்ணாடி. ஐஸ் தேவைப்படவில்லை. நெஞ்சு உள்ளே துடித்துக்கொண்டே நடைவழியில் அவனைக் கடந்து போனது. இறந்த நேரம் என்ன போடுவது என்று நர்ஸ் டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் பெட்டி போன பக்கம் பார்த்தார். பெட்டி கேட்டைத் தாண்டின நேரத்தைப் போடு, என்றார்.

பெரியண்ணனைக் கட்டிலில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு மின்விசிறிகள் ஓடின. ஊதுவத்திக்கு மேலே இன்னொரு வாடை எழுந்திருந்தது. கால் விரல்கள் கறுத்திருந்தன. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கிழித்த வெள்ளைத் துணி கட்டில் காலில் தொங்கியது. யாருக்கும் அதைக் கட்டத் துணிவு வரவில்லை.

தலைமாட்டில் அவர் மனைவி அத்தாயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம், காதருகில் வாடிய ஒரு பூ. வந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். சம்மதம் தராதது அவள்தான் என்று கம்பெனியிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

மகன் ரவீந்திரன் பூபதியை மூலைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினான். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே போய்விட்டார், அம்மா தாலிக்காகப் பிடிவாதம் பிடிக்கிறாள், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள், படித்தவர் சொன்னால் கேட்பாள். அவன் மூன்று நாளாகத் தூங்கவில்லை. மணிக்கொரு தரம் அப்பாவின் மார்பில் காதை வைத்துப் பார்த்திருக்கிறான். நிற்கவில்லை என்று வெளியே வந்து சொல்லும் வேலையும் அவனுடையதாகிவிட்டது.

"முதல்ல ஒரு தடவை பார்த்துக்கறனுங்க" என்றான் பூபதி.

பெரியண்ணனின் சட்டைப் பித்தானைக் கழற்றினான். மார்பின் நடுவே மேலிருந்து கீழாகப் பழைய தையல் தழும்பு.

"மாத்துன நெஞ்சுங்க" என்றான் ரவீந்திரன். "மூணு வருசம் முன்ன, ஆடி மாசம். அதுக்கு மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்புல எதிர்ப்பே இல்லாமப் போச்சு. போன மாசம் பல்லுல சீழ் வச்சுது, அதான் ரத்தத்துல ஏறிடுச்சு."

பூபதி தலையாட்டினான். சுகந்தி போனதும் அந்த ஆடியில்தான், ஆனால் ஆடி மாதத்தில் எத்தனையோ பேருக்கு நெஞ்சு மாற்றியிருப்பார்கள். துடிப்பைக் கம்பியில்லாமல் கருவிக்கு அனுப்பும் பட்டையை எடுத்து இடது மார்புக்குக் கீழே ஒட்டினான். கருவியின் திரையைத் திருப்பினான். பச்சைக் கோடு தரையாக ஓடியது. ஒரு மேடு வந்தது. இன்னொரு மேடு. மூன்றாவது அவசரமாக, இரண்டாவதன் குதிகாலை மிதிப்பதுபோல் வந்தது. பிறகு நீண்ட வெற்றிடம். பிறகு உயரமாக ஒன்று.

அவன் கையை எடுக்கவில்லை. மறுபடி அதேபோல் வந்தது. இரண்டு, அவசரமாக ஒன்று, வெற்றிடம், உயரமாக ஒன்று.

கல்யாணமான புதிதில் சுகந்தியின் மார்பில் தலை வைத்திருந்தவன் பயந்து எழுந்து உட்கார்ந்தான். அவள் சிரித்தாள். சின்னதிலிருந்தே அப்படித்தான், டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார், என்றாள். "உள்ளாற ஒரு புள்ளை பாண்டி ஆடிட்டு இருக்குதுங்க. இது கட்டத்தைத் தாண்டற சத்தம்." அதற்குப் பிறகு தூக்கம் வராத நாட்களில் அவன் அந்தத் தாண்டலுக்காகக் காதை வைத்துக் காத்திருப்பான். வெற்றிடத்தில் அவனும் மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

இப்போதும் பிடித்திருந்தான். ரவீந்திரன் என்னவோ கேட்டான்.

"ஓடுதுங்க" என்றான் பூபதி.

அத்தாயம்மாள் மகனையும் மற்றவர்களையும் வெளியே போகச் சொன்னாள். அவளுக்குக் குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை போலிருந்தது. எல்லோரும் போனார்கள்.

"உட்காருங்க தம்பி" என்றாள்.

எந்த வீட்டிலும் யாரும் சொல்லாததை அவள் சொன்னாள். அவன் கட்டிலின் மறுபக்கம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

"தாலிக்காகத்தான் நான் தடுக்கறேன்னு இவங்க பேசிக்கறாங்க. பேசட்டும். எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரிலயே போயிட்டாரு. எனக்குத் தெரியும். நாப்பது வருசம் கூட இருந்தவ எனக்குத் தெரியாதா?" அவள் கணவனின் மார்பைப் பார்த்தாள். "இப்ப உள்ள இருக்கறது அவரில்லைங்க. அது அந்தப் புள்ளை."

பூபதி திரையைப் பார்த்தான்.

"மாத்துனப்ப ஒரு நர்சு வாய் தவறிச் சொல்லிருச்சு. பொண்ணு, சின்ன வயசு, கல்யாணமாயி ரெண்டு வருசங்கூட ஆகலைன்னு. பேரு சொல்லல. நானும் கேக்கல. வெள்ளிக்கிழமையானா ஒரு முழம் பூ வாங்கி அவரு சட்டைப் பையில வச்சு விடுவேன். லாரி ஆபீசுக்குப் பூவோட போறதான்னு சத்தம் போடுவாரு. அப்பறம் வச்சுட்டுத்தான் போவாரு." அவர் சட்டைப் பையை நீவிவிட்டாள். "அவருதுன்னா இந்நேரம் சரின்னு சொல்லியிருப்பேன். இது இரவல் வாங்குனது தம்பி. ஆரோ பெத்த புள்ளையோட உயிரு. நிறுத்துன்னு சொல்ல நான் ஆரு? அந்தப் புள்ளை ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அவங்க சரின்னா எனக்குச் சரி."

அப்படியெல்லாம் கேட்க முடியாது, யார் கொடுத்தது என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள், விதி அப்படி, என்று பூபதி சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்கு வாயைத் திறந்தான்.

"கேட்டுட்டு வர்றேங்க" என்றான்.

வீட்டின் பின்புறம் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் ஓரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். யாரையும் கூப்பிடவில்லை. சமையல்கட்டு ஜன்னலிலிருந்து இரண்டு பெண்கள் அவனைப் பார்த்தார்கள். பேசுவதுபோல் ஒரு முறை தலையாட்டினான். கோழி ஒன்று அவன் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

மூன்று வருடமாக அவனுக்கு எதுவும் தோன்றியதில்லை. பசித்தால் சாப்பிட்டான், கூப்பிட்ட வீட்டுக்குப் போனான். சுகந்தியின் நெஞ்சு எங்கேயோ ஒரு ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்த ஒரு தகவலாக மட்டும் இருந்தது. அது அவன் தினமும் போகும் சாலைக்குப் பக்கத்திலேயே, ஒரு லாரிக்காரரின் சட்டைப் பைக்குப் பின்னால் ஓடியிருக்கிறது. எத்தனையோ முறை அவரை எதிரே பார்த்துக்கூட இருக்கலாம்.

வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். இன்னும் சில நாள் ஓடும். கட்டிலில் கிடப்பது கரைய ஆரம்பிக்கும். பொங்கியண்ணன் படியில் உட்கார்ந்திருப்பார். ரவீந்திரன் காதை வைப்பான். தனக்காக அத்தனை பேரையும் நிறுத்தி வைக்கலாம். காரணம்கூடச் சொல்லவேண்டியதில்லை. அந்த நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"கேட்டுட்டேங்க. சரின்னுட்டாங்க."

"ஆரு சொன்னாங்க?"

"ஊட்டுக்காரருங்க."

"அழுதாரா?"

"இல்லீங்க."

அத்தாயம்மாள் அவனையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு கருவியை வாங்கி, சம்மதத்துக்கு அவன் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

ஊசியைப் போட்டான். பழகிய கை. வேர் மருந்து மஞ்சளாக, விளக்கெண்ணெய்போல் தடித்திருக்கும். மெதுவாகத்தான் இறங்கும். இறங்கின பிறகு பெரும்பாலான நெஞ்சுகள் ஒரு வேகம் எடுத்து, பிறகு தளர்ந்து, பிறகு நிற்கும். அந்த வேகத்தில் சில வீடுகளில் யாராவது, பிழைத்துக்கொண்டார், என்று கத்துவதுண்டு. அவன் திரையைப் பார்த்தபடி காத்திருந்தான்.

வேகம் வரவில்லை. இரண்டு, அவசரமாக ஒன்று, வெற்றிடம், உயரமாக ஒன்று.

இன்னும் காத்திருந்தான். பையில் மாற்றுக்காக இன்னொரு குப்பி இருந்தது. அதையும் ஏற்றினான். கோடு அப்படியே போய்க்கொண்டிருந்தது, யாரும் எதுவும் செய்யாததுபோல்.

அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இந்த நெஞ்சுக்குத் தழை இரண்டு முறை ஏறியிருக்கிறது. சுகந்திக்குள் ஒரு முறை, போன மாதம் பெரியண்ணனுக்குள் ஒரு முறை. பூட்டின் மேல் பூட்டு. வேரைப் பரிசோதித்தவர்கள் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கமுடியாது. நோய் இரண்டு முறை வந்து, இரண்டு உடம்பில் தாங்கி நின்ற நெஞ்சு உலகத்தில் வேறு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

போன் அடித்தது. இரண்டு குப்பி திறந்ததும் கருவி தானாகவே கம்பெனிக்குத் தகவல் அனுப்பிவிடும். மேலாளர் வாசுதேவன் சென்னையிலிருந்து பேசினார். என்ன பூபதி, ரெண்டாவதும் போட்டாச்சா, என்றார். நெஞ்சு ஊசிக்குக் கேட்கவில்லை, என்றான் பூபதி. இரண்டு முறை தழை ஏறிய மாற்று நெஞ்சு என்றும் சொன்னான். சொன்ன பிறகு சொல்லியிருக்கவேண்டாம் என்று தோன்றியது.  வாசுதேவனின் குரல் மாறியது. அதில் ஒரு இளமை வந்திருந்தது.

"ரெண்டு தடவை வாங்கின ஹார்ட்டா? நெஜமாவா சொல்ற? பாஸ், யாரையும் தொட விடாத. நான் சேலத்துலேர்ந்து டீம் அனுப்பறேன், பெட்டியோட. ஃபேமிலி கிட்ட ஆராய்ச்சிக்குன்னு நான் பேசிக்கறேன். இது நிக்காது பூபதி, புரியுதா உனக்கு? சரியா வச்சுப் பார்த்துக்கிட்டா இது நிக்கவே நிக்காது."

அறை சின்னது. வாசுதேவனுடைய குரல் பெரியது. அத்தாயம்மாள் தலைமாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டை சரியா ஒட்டலைன்னு நினைக்கறேன் சார்" என்றான் பூபதி. "மறுபடி பார்க்கறேன். இங்க சிக்னல் வேற சரியில்லை."

போனை அணைத்தான். கருவிக்கும் கம்பெனிக்கும் இருந்த இணைப்பையும் துண்டித்தான். மலையடிவாரத்தில் சிக்னல் போவது புதிதில்லை.

"என்ன பெட்டி தம்பி?"

அவன் அவளிடம் பொய் சொல்லவில்லை. "எடுத்துட்டுப் போயிருவாங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சு ஓட விட்டுட்டே இருப்பாங்க. அவங்களுக்கு வேணுங்கற வரைக்கும்."

"அந்தப் புள்ளையவா?"

"ஆமாங்க."

"ஊசிக்கு நிக்கலியா?"

"இல்லீங்க."

வெளியே யாரோ இருமினார்கள். அத்தாயம்மாள் கணவனின் சட்டையை இழுத்து மூடினாள். ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள். பட்டைக்கு மேலே பித்தான் போடும்போது விரல் அங்கே சற்று நின்றது.

"அந்த ஊட்டுக்காரரு என்ன சொல்லுவாரு, தம்பி?"

பூபதி காலிக் குப்பிகளைப் பையில் போட்டான். 

"பெட்டி வேண்டாம்பாருங்க" என்றான்.

கதவைத் திறந்து அவனே சொன்னான். "நின்னுடுச்சுங்க."

வாசலில் ஒரு அழுகை எழுந்தது, மூன்று நாளாகத் தொண்டையில் வைத்திருந்தது. ரவீந்திரன் உள்ளே வந்தான். பழக்கத்தில் நேராகக் கட்டிலுக்குப் போய்க் குனிந்தான். பூபதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தாயம்மாள் மகனின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் பார்க்கறேன் கண்ணு."

குனிந்து கணவனின் மார்பில் காதை வைத்தாள். பூபதி கருவியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தான். இரண்டு. அவசரமாக ஒன்று. வெற்றிடம். அவள் கண்ணை மூடியிருந்தாள். உயரமான அந்த ஒன்று வந்தபோது அவள் இமை அசைந்தது. அவன் அதைப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சுற்றும் கேட்டாள்.

பிறகு நிமிர்ந்து, காதருகில் இருந்த வாடிய பூவை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"நின்னுபோச்சு" என்றாள். "மாமனைக் கோடியக் கொண்டாரச் சொல்லு."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கால் விரல்களைக் கட்டினார்கள். கொட்டுக்காரர்களுக்குப் போன் போனது. சுடுகாட்டில் காட்டப் பதிவுச் சீட்டைப் பூபதி கையாலேயே எழுதிக் கொடுத்தான். மஞ்சள் மூங்கிலைத் தள்ளிவிட்டுப் புதிதாக வெட்டி வந்தார்கள். பொங்கியண்ணன் மூன்று நாளைக்குப் பிறகு வாசற்படியின் உள்பக்கம் முழுதாக வந்தார். பையைப் பிரித்துக் கோடியை எடுத்தார். மாரில் ஒட்டியிருக்கும் பட்டையை எடுக்கவேண்டாமா என்று குளிப்பாட்ட வந்தவர் கேட்டார். இருக்கட்டும், அதுவும் எரிந்துவிடும், என்றான் பூபதி. சடங்குகளை அவன் பார்க்கவில்லை. பந்தலுக்கு வெளியே வண்டியருகில் நின்றிருந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை. அது எப்போதும் போலத்தான்.

பெண்கள் தெருமுனை வரைதான் போவார்கள். கொட்டுச் சத்தம் திரும்பி மறைந்ததும் மற்றவர்கள் குளிக்கப் போனார்கள். அத்தாயம்மாள் மட்டும் வண்டியருகில் வந்து நின்றாள். வெள்ளைக் கோடி உடம்பில் படியாமல் விறைத்து நின்றது. நெற்றி வெறுமையாக இருந்தது.

அவன் கையில் கருவி இருந்தது. திரையை மறைக்கவில்லை. இருவரும் பார்த்தார்கள். இரண்டு, அவசரமாக ஒன்று, வெற்றிடம், உயரமாக ஒன்று. ஊர்வலம் தூரம் போகப் போகக் கோடு மங்கியது. இடையிடையே அறுந்தது. மறுபடி ஒட்டிக்கொண்டது. பிறகு தரையாக ஓடியது.

கருவி கேட்டது: நின்ற நேரத்தைப் பதியலாமா?

அவன் பொத்தானை அழுத்தினான். பெட்டி கேட்டைத் தாண்டின நேரம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"அந்த ஊட்டுக்காரரைப் பார்த்தீங்கன்னா" என்றாள் அத்தாயம்மாள், அவனைப் பார்க்காமல், "மூணு வருசம் அந்தப் புள்ளைய நாங்க நல்லா வச்சிருந்தோம்னு சொல்லுங்க."

"சொல்றேங்க."

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. இருவரும் அப்படியே திரும்பினார்கள்.

சேந்தமங்கலத்துக்குத் திரும்ப ஒரே சாலைதான். அது சுடுகாட்டை ஒட்டிப் போகிறது. காலையில் வரும்போது அவன் அதைக் கவனிக்கவில்லை. இப்போதும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். தூரத்தில் கூட்டம் கலைந்து நடந்துகொண்டிருந்தது. ரவீந்திரன் மொட்டைத் தலையோடு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனான். அவர்களுக்குப் பின்னால் புகை நேராக எழுந்தது.

பைக்குள் கருவி ஒலித்தது.

அவன் பிரேக்கை அழுத்தினான். பட்டை எட்டும் தூரத்துக்கு வந்திருந்தான், துடிப்புக்கு ஒரு முறையாக மறுபடி ஒலித்தது. ரோட்டோரம் ஒரு புளியமரம் இருந்தது. வண்டியை அதன் கீழ் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினான். பையைத் திறக்கவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். கேட்டால் போதும், பார்க்கத் தேவையில்லை.

இரண்டு. அவசரமாக ஒன்று. அவன் மூச்சைப் பிடித்தான். உயரமாக ஒன்று.

வாசுதேவனின் அழைப்புகள் போனில் வந்து வந்து போயின. புகை தடித்தது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது அவனுக்கு ஆத்திரம் வந்தது, அந்தச் சத்தத்தில் ஒரு துடிப்பு தவறிவிட்டது. மூன்று வருடத்தில் அவனுக்கு வந்த முதல் ஆத்திரம் அது. பிறகு மறுபடி கேட்டது. இரண்டு. அவசரமாக ஒன்று. வெற்றிடம்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டலுக்காகக் காத்திருந்தான்.

வெட்டியான் கழியைச் சாத்திவைத்துவிட்டுக் குளிக்கப் போனான். மரத்தடியில் நிற்பவனைப் பார்த்துவிட்டு, உறவுக்காரரா, என்று கேட்டான். பூபதி கையை உயர்த்தி அவனைப் பேசாதிருக்கச் சொன்னான். பையில் காதை வைத்திருந்தான்.